எச்சிலில் வந்தது

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கெல்லாம் "சரிப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அந்தச் சரியை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். போனில் எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும். நீ கொஞ்சம் சத்தமாகப் பேசினாலே நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிடுவேன். உடனே உன் அப்பா போனை வாங்கி, "சாப்டியாப்பா" என்று கேட்டுப் பேச்சை முடித்துவிடுவார். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. பத்தாவது வரைக்கும் படித்த கை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். சொல்கிற விஷயத்தில் பிழை இருக்காது.

நீ மூன்று பேச்சுப் பேசினாய். சின்னமனூரில் மீனா வீட்டாரிடம் என் ஆபரேஷனை அல்சர் ஆபரேஷன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாய். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம், அதில் இது ஒன்று என்று சிரிக்கவும் செய்தாய். தாலி கட்டி முடித்துப் பால் பழம் கொடுக்கும்போது நான் கொஞ்சம் ஒதுங்கி நிற்க வேண்டும், உன் சித்தி கொடுக்கட்டும் என்றாய். பிறகு, வைக்கப்போகிற நேரத்தில் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாய்: "ஏம்மா, சின்னதுல நான் பேச்சியத்தையோட தட்டுல சாப்பிட்டிருக்கேன்ல. உனக்கும் அத்தைகிட்ட இருந்துதான் வந்துச்சா? எனக்கும் வருமா?" முதல் இரண்டுக்கும் எனக்குக் கோபம் வந்தது. மூன்றாவதைக் கேட்டதும் அந்தக் கோபம் உட்கார்ந்துவிட்டது. என் பிள்ளை வெட்கப்படவில்லை, பயப்படுகிறான் என்று அப்போதுதான் புரிந்தது. அதனால்தான் இத்தனை பக்கம். இன்னொன்று, உன்னிடம் கேட்காமல் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதையும் சொல்கிறேன். தாண்டிப் படிக்காதே, வரிசையாக வா.

நீ ஆபரேஷன் சமயத்தில்தான் வந்தாய். அதற்கு முன்னால் நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. எட்டு மாதம் நானே எனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டேன். ஏலக்காய்க் கொட்டகையில் காய் தரம் பிரிக்கிற எங்கள் ஏழு பேருக்கும் வயிற்றெரிச்சல் உண்டு. காலையில் வீட்டுச் சோலி முடித்து, வெறும் வயிற்றில் ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்து காய் கொட்டிய சுளகுக்கு முன்னால் உட்காருகிறவர்களுக்கு வேறென்ன வரும்? மருந்துக் கடையில் ரோஸ் நிறத்தில் ஒரு மருந்து தருவான். ஒருத்தி வாங்கி வந்தால் எல்லாரும் மூடியில் ஊற்றிக் குடிப்போம். எனக்கு அரை இட்லிக்கு மேல் இறங்காமல் போனது. பக்கத்தில் உட்காருகிற அன்னக்கொடிதான் ஒருநாள் என் தோளைப் பிடித்துப் பார்த்து, "என்னக்கா, ரவிக்கை உங்களுக்குத் தச்சது மாதிரியே இல்ல" என்றாள். மறுநாள் உன் அப்பா தன் ஜீப்பில் குரங்கணிக்குப் போக வேண்டிய லோடை வேறு ஜீப்புக்கு மாற்றிவிட்டு என்னைத் தேனிக்குக் கூட்டிப்போனார். வாய் வழியாகக் குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். அங்கிருந்து மதுரை.

புற்றுநோய் என்று தெரிந்ததும் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காரக்குழம்பு என்றார்கள், கருவாடு என்றார்கள், பசியை அடக்கியது என்றார்கள், தோட்டத்தில் அடிக்கிற பூச்சிமருந்து காயில் ஒட்டியிருந்து கை வழியாக வாய்க்குப் போயிருக்கும் என்றார்கள். ஒரு சொந்தக்காரி, போன பிறவிக் கணக்கு என்றே சொல்லிவிட்டுப் போனாள். எந்தக் காரணத்தை எடுத்தாலும் குற்றவாளி நான்தான். நானும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். மதுரையில் மறுபடியும் சதை எடுத்துப் பரிசோதித்த முடிவு வந்த அன்றுதான் என் தலையாட்டல் நின்றது.

அந்த டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும். பொறுமையான பெண். தாளைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, உங்க கட்டியோட செல்லுக்குள்ள ஒரு வைரஸ் இருக்கு" என்றாள். பெயர் நீளமாக இருந்தது, சுருக்கி ஈ.பி.வி. என்றாள்.

"அது எங்கிருந்துமா வந்துச்சு?" என்று கேட்டேன்.

"சின்னப் பிள்ளையா இருக்கறப்பவே வந்திருக்கும். எச்சில் வழியாத்தான் பரவும். முத்தம் குடுக்கிறது, ஒரே டம்ளர்ல குடிக்கிறது, கடிச்சுக் குடுக்கிறது. அனேகமா எல்லார் உடம்புலயும் இருக்கு. எனக்கும் இருக்கும். வந்ததே தெரியாது, உள்ள போய்ப் படுத்துக்கும். அப்புறம் ஆயுசுக்கும் அங்கதான்."

"எல்லாருக்கும் இருக்குன்னா எனக்கு மட்டும் ஏன் புத்து வந்துச்சு?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அது எங்களுக்கே முழுசாத் தெரியலம்மா. வயித்துப் புத்து வர்ற எல்லாருக்கும் இந்த வைரஸ் காரணம் இல்ல, ஒரு சின்னப் பங்குக்குத்தான். தூங்கிக்கிட்டு இருக்கிற வைரஸ் யாரோ ஒருசிலருக்கு மட்டும் வயித்துச் செல்லுக்குள்ள போய் அதோட போக்கையே மாத்திருது. ஏன் அவங்களுக்கு மட்டும்னு இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. அதுவும் பொம்பளைகளை விட ஆம்பளைகளுக்குத்தான் இந்த வகை அதிகம்."

உன் அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "காரமாத் தின்னதால இல்லையா டாக்டர்?" என்றார்.

"உப்பு, புகை இதெல்லாம் வேற வகையில கெடுதல் பண்ணும், இல்லன்னு சொல்லல. ஆனா இவங்க சமைச்சதுனால இவங்களுக்கு வந்துச்சுன்னு யாரும் சொல்லக் கூடாது. இன்னொண்ணு, புத்து தொத்தாது. இவங்க தட்டுல நீங்க சாப்பிடலாம்."

தெரியவில்லை என்று ஒரு டாக்டர் வாயால் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, படித்தவளுக்குத் தெரியவில்லை. நான் அவளைத்தான் நம்பினேன். இந்த வகை சிலருக்கு மருந்துக்கு நன்றாகக் கேட்கும் என்றும் சொன்னாள். ஆனால் உங்களுக்குக் கேட்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றாள். அதுவும் பிடித்திருந்தது.

மருந்து ஏற்ற மதுரைக்கு ரயிலில் போய் வந்த நாட்களை நான் எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். இருபது வருஷமாக என் சேலையில், தலைமுடியில், தலையணையில் இருந்த ஏலக்காய் வாசம் எனக்குத் தெரியவே தெரியாது. மருந்து ஏற ஏற அந்த வாசம் வந்தாலே குடல் புரட்டியது. உன் அப்பா தோட்டத்து லோடு இறக்கிவிட்டு வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். பிறகு ஆபரேஷன். கட்டி மேல்பக்கம் இருந்ததால் வயிற்றை முழுசாகவே எடுத்துவிட்டார்கள். உணவுக்குழாயைக் குடலோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவை, கோழி கொத்துவது மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன். வயிறு போய்விட்டது, வயிற்றெரிச்சல் மட்டும் போகவில்லை என்று உன் அப்பாவிடம் சொன்னேன். மனுஷன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முழித்தார்.

அந்த வயிற்றெரிச்சல் எதற்கு என்று சொல்கிறேன். உடம்பு தேறி நான் கொட்டகைக்குத் திரும்பப் போன முதல் நாள். பதினோரு மணிக்குத் தூக்குவாளியில் டீ வரும். அலமாரியில் இருக்கிற எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துக் குடிப்போம். அன்று எல்லாருக்கும் டம்ளர், எனக்கு மட்டும் பேப்பர் கப்.

"என்ன அன்னக்கொடி, எனக்கு மட்டும்?" என்றேன்.

"உங்களுக்குத்தான்க்கா நல்லது. எங்க நோய் நொடி உங்களுக்கு ஒட்டிரக் கூடாதுல்ல."

"அப்பன்னா எனக்கு டம்ளரக் குடுத்துட்டு நீங்க ஆறு பேரும் பேப்பர் கப்புல குடிங்க."

அன்னக்கொடி சுளகை இழுத்துக் காயைப் பிரிக்கத் தொடங்கினாள். பின்னால் இருந்து சாந்தி, ஒரு வருஷமாகத்தான் எங்களோடு இருக்கிறாள், மெதுவாகச் சொன்னாள்: "வைரசுன்னு சொல்றாங்கக்கா. பிள்ளைகுட்டிக்காரி நான்."

நான் எழுந்து நின்றேன். ஆபரேஷன் தழும்பு இழுத்தது, இருந்தாலும் நின்றேன். "ஆமா, வைரசுதான். உங்க ஆத்தா உனக்கு மென்னு ஊட்டுனாளா இல்லையா? நீ உன் பிள்ளைக்கு வாயில முத்தம் குடுத்தியா இல்லையா? அப்ப அது உனக்கும் இருக்கு, உன் பிள்ளைக்கும் இருக்கு. இந்தக் கொட்டகையில அது இல்லாத ஆள் இருந்தா கையத் தூக்குங்க பாப்போம். எனக்குள்ள அது கெட்டுப்போச்சு, அவ்வளவுதான். கெட்டுப்போனத வெட்டி எடுத்தாச்சு." சொல்லிவிட்டு நானே அலமாரிக்குப் போய் ஒரு டம்ளரை எடுத்தேன். பேப்பர் கப்பில் இருந்த டீயை அதில் ஊற்றி, எல்லாரும் பார்க்கக் குடித்து, கழுவி, இருந்த இடத்திலேயே வைத்தேன். சாயங்காலம் முதலாளி வந்து, "நீங்க கொஞ்ச நாள் வீட்டுல இருந்து ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார். "டாக்டரம்மா வேலைக்குப் போகச் சொல்லிட்டாங்க. நீங்க வேற டாக்டரா?" என்று கேட்டேன். அவர் போய்விட்டார். இன்றைக்கும் இரண்டு பேர் நான் வைத்த டம்ளரைத் தொட மாட்டார்கள். அன்னக்கொடி மறுநாளே அதை எடுத்துக் குடித்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. குடித்தாள்.

சாந்தி ஒரு வாரம் கழித்து என்னோடு நடந்து வந்தாள். அவளுக்கும் ஆறு மாதமாக எரிச்சல், அதே ரோஸ் மருந்துதான். நான் விடவில்லை, தேனி பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவளுக்கு இருந்தது வேறொரு கிருமி, வைரஸ் இல்லை, பாக்டீரியா. அதை விட்டுவைத்தால்தான் பலருக்கும் புண்ணும் புற்றும் வருமாம். பதினான்கு நாள் மாத்திரையில் போய்விட்டது. இப்போது யோசித்துப் பார். நான் அல்சர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாள்? அக்காவுக்கும் அல்சர், நமக்கும் அல்சர் என்று மூடியில் ஊற்றிக் குடித்துக்கொண்டே இருந்திருப்பாள். இதனால்தான் நீ சொன்ன அந்த ஒரு பொய்யை நான் சொல்ல மாட்டேன். அது கல்யாணப் பொய் இல்லை, ஆளைக் கொல்லுகிற பொய்.

இப்போது எழுதக் கை கூசுகிற இடத்துக்கு வருகிறேன். பேப்பர் கப்பைப் பார்த்ததும் எனக்கு ஏன் அத்தனை ஆத்திரம் வந்தது தெரியுமா? அதை முதலில் கொடுத்தவள் நான்தான். உன் பேச்சியத்தைக்கு வயிற்றில் கட்டி என்று புருஷன் வீட்டார் நம் வீட்டில் கொண்டுவந்து விட்டபோது உனக்கு ஆறு வயது. தங்கச்சியை வைத்துப் பார்க்க வேண்டும் என்று உன் அப்பா சொன்னார், நானும் சரி என்றேன். ஆனால் அவளுக்கென்று ஒரு தட்டு, ஒரு செம்பு, பின்கட்டில் ஒரு மூலை என்று நானே பிரித்து வைத்தேன். யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகச் செய்தேன். ஒரு மத்தியானம் பார்க்கிறேன், நீ அவள் மடியில் உட்கார்ந்திருக்கிறாய். அவளுக்கு இறங்காத ரசம் சோற்றை உனக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். நான் உன்னை இழுத்துப் போட்டு அடித்தேன். உன் வாய்க்குள் விரலை விட்டு உப்பால் தேய்த்தேன். நீ கத்தினது தெருவுக்கே கேட்டது. பேச்சி எழுந்திருக்கக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்தபடியே, "பிள்ளைய அடிக்காதீங்க மதினி. நான் இனிமே அவனக் கூப்பிடல" என்றாள். கூப்பிடவும் இல்லை. மூன்று மாதம் இருந்தாள். அந்த மூன்று மாதமும் நீ அந்தப் பக்கம் ஓடினால், அவளே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அவள் போன பிறகு அந்தத் தட்டை நான் கம்பியால் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

அவளுக்கு வந்தது எந்த வகை என்று யாரும் பார்க்கவில்லை. இனித் தெரியப்போவதும் இல்லை. எந்த வகையாக இருந்தாலும் அந்தத் தட்டிலிருந்து நமக்குப் புற்று வந்திருக்காது. நான் செய்தது உன்னைக் காப்பாற்றவில்லை. சாகப்போகிற ஒருத்தியிடமிருந்து ஒரு பிள்ளையைப் பிடுங்கினேன், அவ்வளவுதான் நடந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. உன்னிடம் கேட்கிறேன். இருபது வருஷமாக நீ அந்த அடியைத்தான் பயமாகச் சுமந்துகொண்டிருக்கிறாய். அதை உனக்குள் வைத்தது வைரஸ் இல்லை, நான்.

உனக்கும் வருமா என்று கேட்டாய். அந்த வைரஸ் உனக்கு எப்போதோ வந்திருக்கும், தம்பி. பேச்சி ஊட்டுவதற்கு முன்னாலேயே. முறுக்கை நான் கடித்து நொறுக்கி உன் வாயில் வைத்திருக்கிறேன். சுடுசோற்றை ஊதி ஊதிக் கொடுத்திருக்கிறேன். காய்ச்சல் வந்தால் நெற்றியிலும் வாயிலும் முத்தம் கொடுத்திருக்கிறேன். எனக்கு என் ஆத்தா கொடுத்தாள். மலையில் காய் பறிக்கப் போய்விட்டுத் திரும்பும்போது மடியில் கொய்யாப் பழம் கொண்டுவந்து, பாதி கடித்துவிட்டுப் பாதி தருவாள். எது இனிப்பு என்று பார்த்துத் தருவதற்காகத்தான் கடிப்பாள். அப்படித்தான் எனக்கு வந்திருக்கும். அதற்காக அவளைக் குற்றம் சொல்லச் சொல்கிறாயா? அந்தக் கொய்யாவை வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்கிறாயா? சொல்ல மாட்டேன். இன்னொரு தடவை பிறந்தாலும் வாயைத் திறந்து வாங்கிக்கொள்வேன். அதை வைத்துக்கொண்டே கோடிக்கணக்கான பேர் கிழவனாகி, கிழவியாகிச் சாகிறார்கள். உன்னிடம் நான் கேட்பது இரண்டுதான். வீட்டில் எனக்கு வந்திருக்கிறது என்று ஒரு டாக்டரிடம் சொல்லி, சாந்திக்கு இருந்த அந்த இன்னொரு கிருமி உனக்கு இருக்கிறதா என்று பார்த்துவிடு. உன் அப்பாவுக்குப் பார்த்தாகிவிட்டது. பசி மந்தித்தாலோ எரிச்சல் வாரக்கணக்கில் நீடித்தாலோ என்னை மாதிரி நீயே வைத்தியம் பார்க்காதே. இதற்கு மேல் பயப்படுவது வீண் வேலை.

இனி நான் செய்த காரியம். செவ்வாய்க்கிழமை கொட்டகைக்கு லீவு சொல்லிவிட்டு, தனியாகப் பஸ்சில் சின்னமனூர் போனேன். உன் அப்பாவிடம்கூடத் திரும்பி வந்துதான் சொன்னேன். மீனாவும் அவள் அம்மாவும்தான் வீட்டில் இருந்தார்கள். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். அல்சர் இல்லை, வயிற்றில் புற்று, வயிற்றையே எடுத்தாயிற்று, ஒரு நாளைக்கு ஆறு நேரம் சாப்பிடுகிறேன், கட்டியில் ஒரு வைரஸ் இருந்தது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போகிறேன், திரும்ப வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. மீனாவின் அம்மா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"இத நீங்க சொல்லலன்னா எங்களுக்குத் தெரியவா போகுது மதினி?" என்றார்.

"தெரியாது. அதான் சொல்ல வந்தேன்."

"ஊருல என்ன சொல்லுவாங்கன்னு இவங்கப்பா யோசிப்பாரு."

"யோசிக்கட்டும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஆனா கல்யாணம் நடந்தா பால் பழம் நான்தான் குடுப்பேன். ஒதுங்கி நிக்க மாட்டேன். அதையும் இப்பவே சொல்லிர்றேன்."

மீனா எழுந்து உள்ளே போனாள். சரி, முடிந்தது என்று நினைத்தேன். அவள் ஒரு சின்னத் தட்டில் பாதி இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு வந்தாள். "ஆறு நேரம் சாப்பிடணும்னு சொன்னீங்களே அத்தை, பஸ்சுல வந்ததுல ஒரு நேரம் போயிருக்கும்ல" என்றாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் கேட்டாள்: "வைரசப் பத்தி எனக்குப் பயம் ஒண்ணும் இல்லத்தை. எங்க வீட்டுலயும் ஒரே சொம்புலதான் எல்லாரும் குடிக்கிறோம். ஆனா நானும் அவரும் தினமும் ஒரு மணி நேரம் பேசுறோம். உங்களுக்கு அல்சர்னு என்கிட்ட ரெண்டு தடவை சொன்னாரு. ஏன் அத்தை அப்படிச் சொன்னாரு?"

என் நோயைக் கேட்டால் நான் பதில் சொல்வேன். உன் பொய்யைக் கேட்டால் நான் எப்படிச் சொல்வது? அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "அவரே சொல்லட்டும். அது வரைக்கும் பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டாம்னு அப்பாகிட்டச் சொல்றேன்" என்றாள். உனக்கு இந்தக் கடிதம் வந்து சேரும்வரை தானாகப் பேச்சை எடுக்க மாட்டேன் என்று எனக்கு வாக்கும் கொடுத்தாள். இந்த இரண்டு மூன்று நாளாக அவள் போனில் ஒரு மாதிரியாகப் பேசியிருந்தால் காரணம் இதுதான்.

என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். கல்யாணத்தைக் கெடுத்துவிட்டாய் என்று நீ கத்தினாலும் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் செய்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். நான் எத்தனை வருஷம் இருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அந்த வருஷங்களை உன் வீட்டில் அல்சர்க்காரியாக இருந்து கழிக்க முடியாது. என்ன நோயோ அந்த நோய்க்காரியாக, அதோடு சண்டை போட்டவளாக, நிமிர்ந்துதான் உன் வாசலுக்குள் வருவேன். அந்தப் பெண் அதற்கு இடம் வைத்திருக்கிறாள். நீ வைத்திருக்கிறாயா என்பதைத்தான் அவள் கேட்கிறாள்.

இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் பண்ணாதே. முதலில் மீனாவைக் கூப்பிடு. சுற்றி வளைத்துப் பேசாதே, என்னைக் காரணம் காட்டாதே, அம்மா மனசு கஷ்டப்படும் என்று மறைத்தேன் என்று ஒரு புதுப் பொய்யை ஆரம்பிக்காதே. "எங்கம்மாவுக்கு வயித்துல புத்து. நான் பயந்து போய் மறைச்சேன்." இவ்வளவுதான். இரண்டே வாக்கியம். சொல்லிவிட்டுச் சும்மா இரு. அவள் பேசட்டும்.

அம்மா